நாய்க்கடி: முதல் கால் மணி நேரம்

பட்டிக்குள் நாய் புகுந்துவிட்டால் விவசாயியின் கண்ணில் முதலில் படுவது ஆட்டின் காயம்தான். நாயை விரட்டும்போது தன் கையில் விழுந்த கீறல் அவர் கண்ணில் படுவதில்லை. திண்டுக்கல் சமவெளியில் வேடசந்தூர், வடமதுரை, ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்துக்கு ஒரு நாயும் நாலைந்து வெள்ளாடும் இருக்கும். கிணற்று மேட்டில் கட்டிக் கிடக்கும் காவல் நாய், வீட்டுக்குள் புழங்கும் குட்டி, சாலையில் திரியும் உடையவர் இல்லாத நாய் ஆகிய எதனாலும் கடி நேரலாம். ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நம் பக்கத்தில் அதை விட்டுவிட்டு வேறு எதையோ செய்வதுதான் வழக்கமாக இருந்து வருகிறது.

சென்ற சில ஆண்டுகளாக இந்தத் தொல்லை கூடியிருக்கிறது. 2024, 2025 ஆண்டுகளில் பக்கத்துக் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரங்களில் தெருநாய்கள் பட்டிகளில் புகுந்து ஏராளமான ஆடுகளைக் கடித்துக் கொன்றன. இறந்த ஆடுகளைச் சாலையில் போட்டு, நட்டஈடு கேட்டு விவசாயிகள் போராட நேர்ந்தது. ஆட்டுக்கு நட்டஈடு கேட்கலாம். ஆட்டைக் காப்பாற்றப் போய்க் கடிபட்ட மனிதருக்கு வெறிநோய் கண்டுவிட்டால் ஈடு செய்ய ஏதும் இல்லை. நோயின் அறிகுறி தோன்றிய பிறகு பிழைத்தவர்களை உலகம் முழுவதிலும் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சோப்பும் தண்ணீரும்

கடிபட்ட உடனே, வேறு எந்த வேலையும் பார்க்காமல், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். ஒரு முறை அலசிவிட்டு எழுந்துவிடக் கூடாது. முழுதாகக் கால் மணி நேரம், அதாவது 15 நிமிடம், சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவ வேண்டும். குளியல் சோப்பு, துணி சோப்பு எதுவானாலும் சரி. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் தொட்டியில் விழும் தண்ணீரில் காயத்தைக் காட்டலாம். கரண்ட் இல்லையென்றால் அடிகுழாயடியில் ஒருவர் அடிக்க, மற்றவர் கழுவலாம். கோடையில் கிணறு வற்றித் தண்ணீர் குடத்தில் வரும் ஊர்களும் இங்கு உண்டு. அங்கே செம்பில் மொண்டு, மேலிருந்து காயத்தின் மேல் விழும்படி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மூன்று குடம் செலவானாலும் பரவாயில்லை. தேங்கிய பாத்திரத் தண்ணீரில் கையை ஊற வைப்பது மட்டும் உதவாது.

இவ்வளவு எளிய வேலையா உயிரைக் காக்கும் என்று சிலர் ஐயப்படுவர். வெறிநோயை உண்டாக்கும் வைரஸ் கிருமிக்கு மேலே கொழுப்பாலான உறை ஒன்று உண்டு. எண்ணெய்ப் பாத்திரத்தில் பிசுக்கைச் சோப்பு எடுப்பதுபோல அந்த உறையையும் சோப்பு கரைத்துவிடும். உறை போனால் கிருமி செத்துப்போகும். சாகாமல் எஞ்சியதைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். கிருமி நாயின் எச்சில் வழியே காயத்துக்குள் வருகிறது. சிறிது காலம் தசையில் தங்கி, பிறகு நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி ஏறுகிறது. நரம்பைப் பற்றும் முன் எவ்வளவு கிருமியை வெளியேற்ற முடியுமோ அவ்வளவு நல்லது. பிந்தி வந்தாலும் கழுவாமல் இருக்கக் கூடாது. மறுநாள் நினைவு வந்தாலும் கழுவத்தான் வேண்டும்.

பல் ஆழமாக இறங்கியிருந்தால் குழிக்குள்ளும் தண்ணீர் போகும்படி விட வேண்டும். நாரையோ பிரஷ்ஷையோ கொண்டு தேய்த்துப் புண்ணைப் பெரிதாக்க வேண்டாம். கழுவி முடித்ததும் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, பொவிடோன் அயோடின் மருந்தைத் தடவலாம். அது இல்லையென்றால் ஸ்பிரிட் போதும். இரத்தம் நிற்காமல் கொட்டினால் மட்டும் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றபடி இறுக்கிக் கட்டுப்போட வேண்டாம். தையல் போடச் சொல்லி டாக்டரை வற்புறுத்தவும் வேண்டாம். நாய்க்கடிக் காயத்தைக் கூடிய மட்டும் உடனே தைப்பதில்லை. ஊசி குத்தக் குத்தக் கிருமி உள்ளே போகும் என்பதே காரணம். முகம் கிழிந்து தைத்தே தீரவேண்டும் என்றால், முதலில் காயத்துக்குள் சீரம் ஊசி போட்டு, சில மணி நேரம் கழித்து, தளர்த்தியாகத் தைப்பார்கள்.

இனி, செய்யக் கூடாதவை. மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, காபித் தூள், மஞ்சள், மண்ணெண்ணெய், பச்சிலைச் சாறு, சாம்பல், சாணி என்று காயத்தில் அப்பாத பொருளே கிடையாது. சூடு போடுகிறவர்களும் உண்டு. இவை புண்ணை எரித்து ரணமாக்குவதோடு, கழுவ வேண்டிய நேரத்தையும் விழுங்கிவிடுகின்றன. மிளகாய்த் தூள் எரிந்தால் விஷம் இறங்குகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். புண்ணில் காரம் பட்டால் எரியத்தான் செய்யும். கிருமிக்கும் அந்த எரிச்சலுக்கும் சம்பந்தமில்லை. யாராவது ஏற்கனவே அப்பிவிட்டிருந்தால் சண்டை போட்டுக்கொண்டிராமல் அதையும் சேர்த்துக் கழுவிவிட வேண்டும். மந்திரிக்கப் போவது அவரவர் நம்பிக்கை; ஊசி போட்டுக்கொண்டு திரும்பும் வழியில் அதை வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக் குட்டிதானே!

தெருநாய் கடித்தால் பதறிக்கொண்டு ஓடுகிறோம். வீட்டில் வளரும் குட்டி விளையாட்டாகப் பல் பதித்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. ‘நம்ம குட்டிதானே, பால் பல்தானே’ என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் மிகவும் ஏமாற்றுவது இந்தக் கடிதான். சந்தைக்குப் போன இடத்தில், சாலையோரத்தில், கறிக்கடைப் பக்கத்தில் பார்த்துப் பிள்ளைகள் தூக்கி வந்த குட்டிக்குத் தாய் எது, அதை எந்த நாய் கடித்தது என்று யாருக்கும் தெரியாது. தடுப்பூசியும் போட்டிருக்காது. மூன்று மாதக் குட்டிக்கும் வெறிநோய் வரும். பிள்ளைகள் அதன் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுகின்றனர். உதட்டிலும் கன்னத்திலும் விரல் நுனியிலும் பல் படுகிறது. இவை நரம்பு நிறைந்த இடங்கள். முகத்திலிருந்து மூளைக்குத் தூரமும் குறைவு. நோய் வெளிப்படுவதற்குச் சாதாரணமாக ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும் என்றாலும், முகத்திலும் தலையிலும் பட்ட கடிக்கு அதைவிட முன்னதாகவே வரலாம். அபூர்வமாக ஓராண்டு கடந்தும் வருவதுண்டு. அதற்குள் குட்டி செத்து, குழி தோண்டிப் புதைத்து, எல்லாரும் மறந்தே போயிருப்பார்கள். அடித்துவிடுவார்கள் என்று பயந்து பிள்ளை கடியை மறைப்பதும் உண்டு. ஆகவே குட்டி வளர்க்கும் வீட்டில் பிள்ளையைத் திட்டாமல் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வெறி பிடித்த நாய் என்றால் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு எதிர்ப்பட்டவரை எல்லாம் கடித்து ஓடும் என்றே நினைக்கிறோம். ஊமை வெறி என்று ஒன்று இருக்கிறது. நாய் கடிக்காது, குரைக்காது. இருட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். தாடை தொங்கி எச்சில் வடியும். விழுங்க முடியாமல் தவிக்கும். தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது என்று எண்ணி வாய்க்குள் விரலை விடுகிறவர்கள், கடிபடாமலே நோயை வாங்கிக்கொள்ளக்கூடும்.

கடித்தது வீட்டு நாயாகவோ பூனையாகவோ இருந்தால் அதை அடித்துக் கொல்ல வேண்டாம். கட்டி வைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும். பத்து நாளும் நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். அதற்காக ஊசி போடாமல் பத்து நாள் காத்திருக்கக் கூடாது. ஊசியை உடனே தொடங்கிவிட வேண்டும். நாய் நலமாக இருந்தால் மீதியை நிறுத்தலாமா என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

தொப்புள் ஊசி இப்போது இல்லை

நாய்க்கடி என்றதும் ‘தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி’ என்ற பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்தாலேயே சிறு கடியை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பழைய கதை. ஆட்டைக் கட்டி மேய்க்கிற நமக்கு அந்தக் கதையில் கொஞ்சம் பங்கும் உண்டு.

1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு முதன் முதலாகத் தம் மருந்தைச் செலுத்தினார். பையன் பிழைத்தான். இந்தியாவில் 1900இல் இமயமலைப் பக்கம் கசௌலியில் இதற்கென நிலையம் அமைந்தது. தெற்கே கடிபட்டவர் அங்கே போய்ச் சேரப் பல நாள் ரயிலில் போக வேண்டும். 1902இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநோய் கண்டு இறந்தார். தெற்கிலும் ஒரு நிலையம் தேவை என்ற எண்ணம் அதன் பிறகு வலுத்தது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வரின் நன்கொடை இதற்கு உதவியது. 1907இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் பிறந்தது.

பின்னர் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் உருவாக்கிய முறையில், கிருமி ஏற்றிய ஆட்டின் மூளையிலிருந்து மருந்து தயாராயிற்று. நாடு முழுவதும் பல்லாண்டுகள் வயிற்றில் போட்ட ஊசி அதுதான். எத்தனையோ ஆயிரம் மனித உயிர்களைச் செம்மறி ஆடு காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மூளைத் திசு கலந்த அந்த மருந்தால் சிலருக்கு வாதம் போன்ற தொல்லைகள் வந்தன. வலியும் அதிகம். 2005க்குப் பிறகு இந்தியாவில் அது பயன்பாட்டில் இல்லை. அதன் இடத்தில் சோதனைச்சாலையில் வளர்த்த உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் தடுப்பூசி வந்துவிட்டது.

இப்போது ஊசி கையில்தான். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் சிறிதளவு மருந்தை ஏற்றும் முறை கையாளப்படுகிறது. கடிபட்டு வந்த முதல் நாளைப் பூஜ்ய நாள் என்று வைத்துக்கொண்டு 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் இரண்டு கைகளிலும் போடுவர். தசையில் போடும் முறையானால் 0, 3, 7, 14, 28 என ஐந்து நாட்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் இதற்குக் கட்டணமில்லை. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தயங்காமல் போடலாம். முன்பே முழுமையாகப் போட்டுக்கொண்டவர் மறுபடி கடிபட்டால் 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசியே போதும். பழைய சீட்டைத் தொலைக்காமல் வைத்திருந்தால் டாக்டருக்கும் எளிது.

தோல் கிழிந்து இரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசியால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாகச் சில நாட்கள் பிடிக்கும். அதுவரை காக்க, சீரம் எனப்படும் இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்தைச் சுற்றியும் காயத்துக்குள்ளும் செலுத்த வேண்டும். இதை முதல் நாளே போடுவது நல்லது. தவறினால் முதல் தடுப்பூசி போட்ட ஏழு நாட்களுக்குள். பலர் கைவிடுவது இந்த மருந்தைத்தான். ஊசி போட்டாயிற்று என்று திரும்பிவிடாமல், ‘இரத்தம் வந்தது, சீரம் வேண்டுமா?’ என்று கேட்க வேண்டும். அருகிலுள்ள நிலையத்தில் அது இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. டெட்டனஸ் ஊசி தேவையா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடிபட்ட ஆட்டுக்கு

கை கழுவி முடித்த பிறகு ஆட்டைப் பார்க்கலாம். நாய் பெரும்பாலும் பின் தொடையையும் தொண்டையையும் கவ்வும். காதும் மடியும் கிழிவதுண்டு. வெளியே பார்த்தால் கோணி ஊசி குத்தியதுபோல் இரண்டு துளைதான் தெரியும். நாய் கவ்வி உதறியிருப்பதால் உள்ளே சதை நைந்து, தோல் சதையைவிட்டுக் கழன்றிருக்கும். துளையைப் பார்த்து ‘லேசான கடி’ என்று விட்ட ஆடு மூன்றாம் நாள் சீழ் பிடித்துப் படுத்துக்கொள்வது இதனால்தான்.

ஆட்டின் காயத்திலும் நாயின் எச்சில் இருக்கிறது. வேலை செய்கிறவர் கைகளில் வெட்டும் வெடிப்பும் இருக்கும். ஆகவே ரப்பர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கெட்டியான பாலிதீன் பையைக் கையில் மாட்டிக் கட்டிக்கொள்ளலாம். காயத்தைச் சுற்றியுள்ள முடியைக் கத்தரித்து, மனிதருக்குச் சொன்னது போலவே சோப்பும் தண்ணீருமாகக் கால் மணி நேரம் கழுவி, அயோடின் தடவ வேண்டும். இரத்தம் பீறிட்டால் துணியை வைத்து ஐந்து, பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் பெயர்ந்து மறுபடி கொட்டும். மண்ணும் சாணமும் அப்புவது ஆட்டுக்கும் ஜன்னி வாதத்தைக் கொண்டுவரும்.

மழைக்காலத்தில் ஈ மொய்த்து ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். புண்ணின் ஓரங்களில் வேப்பெண்ணெய் தடவினால் ஈ அண்டாது. புழு வைத்த பிறகு தாமே கிண்டாமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடியைவிட அதிர்ச்சியால் விழும் ஆடுகளும் உண்டு. அவற்றைக் கூட்டத்திலிருந்து பிரித்து நிழலில் விட்டு, தண்ணீர் காட்டிச் சந்தடியில்லாமல் வைத்திருக்க வேண்டும். சினை ஆடானால் கருச்சிதைவு ஏற்படலாம். சில நாள் கவனம் வேண்டும்.

அத்துடன் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி உண்டு என்பதைப் பலர் அறியார். கடிபட்ட கால்நடைக்கு 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் போட வேண்டும். கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்ல இயலாத நிலையில் 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும்.

வீட்டு நாயே கடிபட்டு வந்தால் ஒரு எச்சரிக்கை வேண்டும். வலியில் இருக்கும் நாய் எஜமானனையும் கடிக்கும். மூச்சுத் திணறல் இல்லையென்றால் மெல்லிய துணிப் பட்டையால் அதன் வாயைக் கட்டிவிட்டுக் காயத்தைத் தொட வேண்டும். பூனையைத் துண்டில் சுற்றிப் பிடிக்கலாம். பூனைக் காயத்தில் பினாயில், டெட்டால் போன்றவற்றை ஊற்றினால் நக்கி விஷமாகிவிடும். வலிக்கு என்று நமது பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பூனைக்கு அது எமன். ஏற்கனவே தடுப்பூசி போட்ட நாயானாலும் கடிபட்டதும் மறுபடி ஊசி போட்டாக வேண்டும்.

கடிபட்ட ஆட்டை அன்றே வந்த விலைக்குத் தள்ளிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அய்யலூர் போன்ற ஆட்டுச் சந்தைகளுக்கு அப்படி ஓட்டிப் போனால், வாங்கியவருக்கு நோய் தெரியாது. அறுக்கிறவருக்குத் தன் கை வெட்டுக்காயம் வழியே என்ன போகிறது என்பதும் தெரியாது. நோய் கண்டது என்று சந்தேகம் உள்ள ஆட்டை அறுக்கவே கூடாது. இறந்தால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். பாலைப் பொறுத்தவரை நன்கு காய்ச்சினால் கிருமி செத்துவிடும். எனினும் நோயுற்ற மாட்டின் பாலைப் பயன்படுத்தாமல் விடுவதே சரி.

மாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெறிநோய் கண்ட மாடு எப்போதும் முட்டிக்கொண்டு ஓடாது. கரகரத்த குரலில் ஓயாமல் கத்தும். வாயில் எச்சில் நூலாய் ஒழுகும். தீனியைக் கவ்வும், விழுங்காது. பின்னங்கால் தள்ளாடும். மாங்கொட்டையோ பனங்கொட்டையோ தொண்டையில் அடைத்துக்கொண்டதாக எண்ணி, நாலு பேர் பிடித்துக்கொள்ள ஒருவர் முழங்கை வரை கையை உள்ளே விட்டுத் துழாவுவார். இது கிராமங்களில் காலங்காலமாக நடப்பது. கையை விட்டவர், பிடித்தவர், எச்சில் பட்டவர் எல்லாரும் ஊசிக்குப் போக வேண்டியவர்களே. சில வாரங்களுக்கு முன் நாய் கடித்ததா என்று யோசித்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் வாயைத் தொடாமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லைக்கும் மூலம் தடுப்பூசி போடாத நாய். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, பிறகு ஆண்டுக்கு ஒன்று. கோம்பை, ராஜபாளையம் என்று விலை கொடுத்து வாங்கிய நாய்க்கு மட்டுமல்ல, சோறு தின்னும் நாட்டு நாய்க்கும் போட வேண்டும். பட்டிக்கு வேலி போடும் செலவில் இது மிகச் சிறு பங்கு.

பம்ப் செட் ரூமில் ஒரு கட்டி சோப்பும் அயோடின் பாட்டிலும் ஒரு ஜோடி கையுறையும் எப்போதும் இருக்கட்டும். கடிபட்ட வீட்டில் காலண்டரை எடுத்து மனிதருக்கு வரும் தேதிகளை ஒரு நிறத்திலும் ஆட்டுக்கு வரும் தேதிகளை வேறு நிறத்திலும் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் ஊசியும் மூன்றாம் நாள் ஊசியும் எல்லாரும் போட்டுக்கொள்கிறார்கள். நடவு, களை, சந்தை என்று வேலை வந்து, விட்டுப்போவது பெரும்பாலும் இருபத்தெட்டாம் நாள் ஊசிதான்.